வெப்பமானி நிற்கும் இடம்: நிலைமாற்றமும் கலவைப் பிரிப்பும், படிப்படியான முழு வழிகாட்டி

ஊத்துக்குளி வெண்ணெயை வாங்கி வந்து வீட்டில் நெய் காய்ச்சுகிறவர்கள் கண்ணைவிடக் காதையே அதிகம் நம்புகிறார்கள். வெண்ணெய் உருகிய சற்று நேரத்தில் சடசடவென்று பொரியத் தொடங்கும். அந்தச் சத்தம் தணிந்து, மேலே மெல்லிய நுரை கட்டி, அடியில் கசடு பொன்னிறமாகும் தறுவாயில் ஒரு கொத்து முருங்கை இலையைப் போட்டு இறக்கிவிடுவார்கள். அது என்ன சத்தம் என்று ஒன்பதாம் வகுப்பு மாணவர்களிடம் கேட்டால் பெரும்பாலும் ‘நெய் கொதிக்கிறது’ என்றுதான் சொல்கிறார்கள். நெய் கொதிக்கவில்லை. வெண்ணெயின் எடையில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு நீர். கொழுப்பின் நடுவே சிறு துளிகளாகச் சிக்கியிருக்கும் அந்த நீர்தான் ஆவியாகி வெடித்து வெளியேறுகிறது. நீர் இருக்கும் வரை சட்டியின் வெப்பநிலை 100 டிகிரி செல்சியஸை ஒட்டியே நிற்கும். நீர் தீர்ந்த பிறகுதான் விறுவிறுவென ஏறும். சத்தம் அடங்கியபின் இரண்டு நிமிடம் கவனம் தப்பினால் நெய் கருகிப்போவது இதனால்தான்.

பாடநூலில் நிலைமாற்றம் ஒரு பாடமாகவும் கலவைகளைப் பிரித்தல் வேறொரு பாடமாகவும் அமைந்திருப்பதால், மாணவர்கள் இரண்டையும் தொடர்பற்ற இரண்டு பட்டியல்களாக மனப்பாடம் செய்துவிடுகிறார்கள். பல ஆண்டுகளாக இந்தப் பாடத்தை நடத்திவரும் எனக்கு இது உண்மையான வருத்தம். வெப்பம் கொடுத்துக்கொண்டே இருந்தும் வெப்பமானி எங்கே நிற்கிறது, எங்கே நிற்காமல் நகர்கிறது என்று பார்க்கத் தெரிந்த மாணவருக்குத் தூய பொருள் எது, கலவை எது, அந்தக் கலவையை எப்படிப் பிரிக்கலாம் என்ற மூன்றுக்கும் வழி அங்கேயே திறந்துவிடுகிறது. இந்த வழிகாட்டியில் உள்ள படிகள் அந்த வரிசையில்தான் செல்கின்றன. ஒன்றைச் செய்து பார்க்காமல் அடுத்ததற்குத் தாவ வேண்டாம்.

தேவையானவை மிகக் குறைவு: மைனஸ் 10 முதல் 110 டிகிரி வரை காட்டும் சிவப்புத் திரவ வெப்பமானி ஒன்று, கண்ணாடிக் குவளை, அடுப்பு, கைக்கடிகாரம், சமையலறைத் தராசு, வடிதாள், ஒரு காந்தம். பாதரச வெப்பமானி வேண்டாம். உடைந்தால் வகுப்பறையில் அதைச் சுத்தம் செய்வது பெரும்பாடு. நெய்யிலும் வெல்லப்பாகிலும் ஆய்வக வெப்பமானியை விடக்கூடாது, 110 டிகிரியைத் தாண்டினால் வெடித்துவிடும். அவற்றுக்கு 200 டிகிரி வரை அளக்கும் சமையல் வெப்பமானியே பொருத்தம்.

முதல் படி: பனிக்கட்டியைச் சூடாக்கிக் குறித்துவைத்தல்

100 கிராம் பனிக்கட்டியை நன்றாக நொறுக்கிக் குவளையில் போட்டு, வெப்பமானியின் குமிழ் பனிக்கட்டிக்குள் புதைந்திருக்கும்படியும் குவளையின் அடியைத் தொடாதபடியும் பிடித்துக்கொள்ளுங்கள். அடுப்பைக் குறைந்த தணலில் வைத்து, இடைவிடாமல் கிளறியபடி, அரை நிமிடத்துக்கு ஒருமுறை வெப்பநிலையைக் குறியுங்கள். உறைபெட்டியிலிருந்து எடுத்த கட்டி சுழியத்துக்கு வெகுவாகக் கீழே இருக்கும் என்பதால் முதலில் ஒரு சிறு ஏற்றம் தெரியும். பிறகு வெப்பமானி 0 டிகிரியில் வந்து நிற்கும். அடுப்பு எரிகிறது, கட்டி கரைகிறது, ஆனால் எண் அசைவதில்லை. கடைசித் துணுக்கு உருகிய பிறகுதான் ஏறத் தொடங்குகிறது.

இங்கே இரண்டு தவறுகள் வழக்கமாக நேர்கின்றன. கட்டியைப் பெரிதாக விட்டுவிட்டால், அடியில் தேங்கும் நீர் தனியாகச் சூடேறி, பனிக்கட்டி மிதந்துகொண்டிருக்கும்போதே வெப்பமானி 8, 10 என்று காட்டும். கிளறாமல் விட்டாலும் அதே கதைதான். ‘புத்தகத்தில் 0 என்று போட்டிருக்கிறது’ என்று குறிப்பேட்டில் 0 எழுதிவிடும் மாணவரைவிட, 8 என்று எழுதிவிட்டு ஏன் என்று கேட்கும் மாணவரே இந்தப் பாடத்தைக் கற்றுக்கொள்கிறார். குறிப்பேட்டில் கண்டதையே எழுத வேண்டும்.

நீர் சூடாகி மேலே வரும்போது வெப்பமானி இரண்டாவது முறை நிற்கும். கோயம்புத்தூரில் இதைச் செய்தால் அது சரியாக 100-இல் நிற்காது. கடல்மட்டத்திலிருந்து 400 மீட்டருக்கு மேல் இருப்பதால் 98.5 டிகிரியை ஒட்டி நிற்கும். ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் உள்ள உதகையில் 92, 93 டிகிரியிலேயே நீர் கொதித்துவிடுகிறது. திரவத்தின் ஆவியழுத்தம், அதாவது அதிலிருந்து எழும் ஆவி தரும் அழுத்தம், வெளியே உள்ள காற்றழுத்தத்தை எட்டும் வெப்பநிலையே கொதிநிலை. மலைமேல் காற்றழுத்தம் குறைவு, ஆதலால் எட்டவேண்டிய அளவும் குறைவு. உதகையில் பருப்பு வேகத் தாமதமாவதற்கும் அங்கே குக்கர் இல்லாத வீடு அரிதாக இருப்பதற்கும் இதுவே காரணம். உங்கள் வெப்பமானி 98 காட்டினால் அதைக் குறை சொல்லுமுன் உங்கள் ஊர் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று பாருங்கள். 300 மீட்டர் உயரத்துக்கு ஏறத்தாழ 1 டிகிரி குறையும் என்பது தோராயக் கணக்கு.

நின்ற நேரத்தில் கொடுத்த வெப்பம் எங்கே போயிற்று? துகள்களின் வேகத்தைக் கூட்டாமல், அவற்றை ஒன்றோடொன்று பிணைத்து வைத்திருந்த ஈர்ப்பை மீறுவதற்குச் செலவாயிற்று. 1760-களின் தொடக்கத்தில் கிளாஸ்கோவில் ஜோசப் பிளாக் இதை அளந்து காட்டினார். அதற்குத்தான் உள்ளுறை வெப்பம் என்று பெயர். ஒரு கிராம் பனிக்கட்டி உருக 334 ஜூல், ஒரு கிராம் நீரை 0 முதல் 100 வரை சூடாக்க 418 ஜூல், அதே ஒரு கிராமை முழுவதும் ஆவியாக்க ஏறத்தாழ 2,260 ஜூல். இந்த எண்களை மனப்பாடம் செய்வதைவிடக் கடிகாரத்தில் பார்ப்பது மேல்: ஒரே சீரான தணலில் பனிக்கட்டி உருக 4 நிமிடம் ஆனால், அந்த நீர் கொதிநிலைக்கு வர 5 நிமிடமும், முழுவதும் வற்ற 27 நிமிடமும் ஆகும். ஆவியாக்குவது எவ்வளவு செலவு பிடிக்கும் வேலை என்ற இந்த உணர்வு பின்னால் திருப்பூருக்கு வரும்போது நமக்குத் தேவைப்படும்.

கொதிக்கும் நீரில் எழும் குமிழிகள் காற்று என்று நினைப்பவர்கள் உண்டு. ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் என்று எழுதுபவர்களும் உண்டு. நன்றாகக் கொதிக்கும் நீரின் குமிழிக்குள் இருப்பது நீராவி, வேறொன்றும் இல்லை. நிலைமாற்றத்தில் நீர் மூலக்கூறு உடைவதில்லை. கெண்டியின் மூக்கை ஒட்டி ஒன்றும் தெரியாத ஓர் இடைவெளியும் அதற்கு அப்பால் வெள்ளைப் புகை போன்ற படலமும் இருப்பதைப் பாருங்கள்: கண்ணுக்குத் தெரியாத அந்த இடைவெளியில்தான் நீராவி இருக்கிறது, வெண்படலம் அது சுருங்கி உண்டான நுண்துளிகள்.

இரண்டாம் படி: நிற்காத வெப்பமானியைப் பார்த்தல்

இப்போது 100 கிராம் நீரில் 20 கிராம் சமையல் உப்பைக் கரைத்துக் கொதிக்க வையுங்கள். தூய நீர் கொதித்த அளவைவிட மூன்று, நான்கு டிகிரி மேலேதான் இது கொதிக்கத் தொடங்கும்; அதைவிட முக்கியமானது, கொதிக்கத் தொடங்கிய பிறகும் எண் நகர்ந்துகொண்டே இருக்கும். நீர் போகப் போகக் கரைசல் செறிவாகிறது, செறிவு கூடக் கூடக் கொதிநிலையும் உயர்கிறது. உப்பு நிறைவுற்ற கரைசல் கடல்மட்டத்தில் 108, 109 டிகிரியில் கொதிக்கும். ஆகையால் இந்த ஆய்வில் வெப்பமானி 105-ஐத் தாண்டும்போது அடுப்பை அணைத்துவிடுங்கள்.

குளிரும் பக்கத்திலும் இதே போக்குத்தான். கொங்கில் மார்கழி விடியலில் தேங்காய் எண்ணெய்ப் புட்டியைக் கவிழ்த்தால் ஒரு சொட்டும் விழுவதில்லை. காங்கேயம், வெள்ளகோவில் வட்டாரத்துச் செக்கில் ஆட்டிய எண்ணெயானாலும் கடையில் வாங்கியதானாலும் இதில் வேறுபாடு இல்லை. வெயிலில் வைத்துக் கவனித்தால், ஓரத்தில் தெளிந்தும் நடுவில் வெள்ளைக் கூழாகவும் இருந்து, 24 டிகிரியை ஒட்டிய சில டிகிரி இடைவெளியில் மெல்ல மெல்ல இளகும். பனிக்கட்டி போல ஒரே புள்ளியில் நின்று உருகுவதில்லை. ஏனெனில் தேங்காய் எண்ணெய் ஒரே பொருள் அன்று. வெவ்வேறு உருகுநிலை கொண்ட பல கொழுப்புகளின் கலவை.

இந்தப் படியை முழு அளவில் பார்க்க வேண்டுமானால் வெல்லம் காய்ச்சும் ஓர் ஆலைக் கொட்டகைக்குப் போக வேண்டும். கவுந்தப்பாடி வட்டாரத்தில் மாணவர்களை அழைத்துச் சென்றபோது நாங்கள் கண்டதைச் சொல்கிறேன். பிழிந்த கருப்பஞ்சாறு சாம்பல் கலந்த பச்சையாகக் கொப்பரைக்குள் விழுகிறது. சுண்ணாம்பு நீரும் வெண்டைச் செடியைக் கசக்கி எடுத்த கொழகொழப்பான சாறும் சேர்க்கிறார்கள். சூடேறும்போது சாற்றில் உள்ள புரதங்கள் திரண்டு, மிதக்கும் மற்ற அழுக்குகளையும் பற்றிக்கொண்டு மேலே பொங்க, நீண்ட காம்புள்ள சல்லடைக் கரண்டியால் அதை வழித்து எடுத்துவிடுகிறார்கள். இது முதல் பிரிப்பு. அதன்பிறகு கொதி. எங்கள் சமையல் வெப்பமானி முதலில் 100-ஐ ஒட்டி வெகுநேரம் நகராததுபோல் இருந்தது. உண்மையில் கடுகளவு கடுகளவாக ஏறிக்கொண்டிருந்தது. 106, 110, 114 என்று ஏற ஏறக் குமிழிகள் பெரிதாகிச் சோம்பி வெடித்தன. 116-இல் ஒரு மாணவி ‘ஆயிடுச்சுங்களா?’ என்று கேட்டாள். பாகு கிளறிக்கொண்டிருந்தவர் ஒரு சொட்டைக் குளிர்ந்த நீரில் விட்டு விரலால் உருட்டிப் பார்த்துவிட்டு, ‘இன்னும் பதம் வர்லீங்க கண்ணு, உருளுது பாருங்க, ஆனா நிக்கல’ என்றார். 118-இல் இறக்கினார். அவரிடம் வெப்பமானி கிடையாது.

அவர் விரலால் அறிந்ததும் நாம் எண்ணால் அறிந்ததும் ஒன்றே: பாகின் கொதிநிலை அதில் மிச்சம் இருக்கும் நீரின் அளவைச் சொல்கிறது. அச்சு வெல்லத்துக்கு ஒரு பதம், நாட்டுச் சர்க்கரைக்கு அதைவிடச் சில டிகிரி மேலான பதம். பழனிப் பஞ்சாமிர்தத்துக்குப் போகும் கவுந்தப்பாடி நாட்டுச் சர்க்கரையின் உதிரித் தன்மை அந்தச் சில டிகிரிகளில்தான் இருக்கிறது.

இத்துடன் ஒரு விதிவிலக்கையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும், இல்லையேல் தவறான விதியைக் கற்றுக்கொடுத்தவனாவேன். நிற்காத வெப்பமானி கலவையைக் காட்டும். ஆனால் நிற்கும் வெப்பமானி எப்போதும் தூய பொருளைக் காட்டாது. எடையில் 95.6 விழுக்காடு எத்தனாலும் எஞ்சியது நீருமான கலவை, தூய பொருள் போலவே 78.2 டிகிரியில் மாறாமல் கொதிக்கும். தூய எத்தனாலின் கொதிநிலை 78.4. எத்தனை முறை காய்ச்சி வடித்தாலும் அந்தக் கடைசி நீரைச் சாதாரண வடித்தலால் பிரிக்க முடியாததற்கு இதுவே காரணம். இத்தகைய கலவைகளைக் கொதிநிலை மாறாக் கலவைகள் என்கிறோம்.

மூன்றாம் படி: எந்தப் பண்பில் வேறுபாடு என்று கேட்டல்

கலவையில் உள்ள ஒவ்வொரு பொருளும் தன் பண்பை இழக்காமலேயே இருக்கிறது. ஆகவே பிரிக்கும் முறையைத் தேடுமுன், கலவையில் உள்ள பொருள்களைப் பக்கம் பக்கமாக எழுதி, உருவளவு, அடர்த்தி, காந்தத் தன்மை, கரைதிறன், உருகுநிலை, கொதிநிலை, பதங்கமாகும் (திரவமாகாமலேயே ஆவியாகும்) தன்மை ஆகியவற்றில் எது மிக அதிகமாக வேறுபடுகிறது என்று பார்க்க வேண்டும். மிகப் பெரிய வேறுபாடு இருக்கும் இடத்தில் மிக எளிய முறை இருக்கும்.

களத்தில் நெல்லைத் தூற்றும்போது காற்று பதரைத் தள்ளிக்கொண்டு போவதும், அரிசியை முறத்தில் புடைப்பதும், தயிரைக் கடைந்து வெண்ணெய் எடுப்பதும் அடர்த்தி வேறுபாட்டின் வேலைகள். கலவையை வேகமாகச் சுழற்றி அதே அடர்த்தி வேறுபாட்டால் பிரித்தால் மைய விலக்கம். பால் பண்ணைகளில் பாலேடு பிரிப்பதும் ஆய்வுக்கூடத்தில் இரத்த அணுக்களைப் படியவைப்பதும் அப்படித்தான். எண்ணெயும் நீரும் கலந்திருந்தால் பிரிபுனலில் நிற்கவிட்டுக் கீழிருக்கும் நீரை இறக்கிவிடலாம். இவை எளியவை, இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

நான்காம் படி: நான்கு பொருள் கலவையைப் பிரித்தல்

வகுப்பில் நான் தவறாமல் செய்ய வைக்கும் ஆய்வு இது: இரும்புத் தூள், கட்டிக் கற்பூரத்தின் தூள், உப்பு, கழுவிக் காயவைத்த ஆற்று மணல், ஒவ்வொன்றும் 5 கிராம். கலந்த பிறகு மாணவர்கள் முதலில் வரிசையை எழுதித் தர வேண்டும். அதன்பிறகே கலவையைத் தொடலாம். பாதிப்பேர் ‘முதலில் நீர் ஊற்றி உப்பைக் கரைப்போம்’ என்று எழுதுகிறார்கள். ஊற்றினால் இரும்பு துருப்பிடிக்கத் தொடங்கும், கற்பூரம் மிதந்து வடிதாளின் ஓரமெல்லாம் ஒட்டும். உலர்ந்த நிலையில் செய்யக்கூடிய பிரிப்புகளை முதலிலும் நனைக்க வேண்டியவற்றைப் பின்னாலும் செய்வதே வரிசை.

கலவையைத் தாளில் மெல்லிய படலமாகப் பரப்புங்கள். காந்தத்தை நேரடியாகக் கொண்டுபோகாதீர்கள். ஒட்டிய தூளைக் காந்தத்திலிருந்து சுரண்டி எடுப்பது முடியாத காரியம். காந்தத்தைச் சிறு நெகிழிப் பைக்குள் போட்டு, பையோடு கலவையின் மேல் நகர்த்தி, தூள் முள்ளம்பன்றியின் முட்களைப்போல் சிலிர்த்து ஒட்டியதும் வேறொரு தாளுக்கு மேலே கொண்டுபோய்ப் பைக்குள்ளிருந்து காந்தத்தை உருவுங்கள். முட்கள் அத்தனையும் ஒரே கணத்தில் சரிந்து விழும். இரும்போடு சிக்கி வரும் மணலை உதறவும் விட்டுப்போன இரும்பைப் பிடிக்கவும் மூன்று, நான்கு முறை செய்ய வேண்டியிருக்கும்.

அடுத்தது கற்பூரம். திண்மத்திலிருந்து திரவமாகாமலேயே ஆவியாவது பதங்கமாதல். ஆவி மீண்டும் நேராகத் திண்மமாவது படிதல். கற்பூரம் எளிதில் தீப்பற்றும், அதன் ஆவியும் அப்படியே; ஆகவே தீச்சுடரின் அருகே இந்த வேலையைச் செய்யவே கூடாது. கலவையை ஒரு எவர்சில்வர் தட்டில் பரப்பி, கொதிக்க வைத்து அடுப்பிலிருந்து இறக்கி வேறு அறைக்குக் கொண்டுவந்த வெந்நீர்ப் பாத்திரத்தின் மேல் அந்தத் தட்டை வைத்து, ஒரு கண்ணாடிக் கிண்ணத்தைக் கவிழ்த்து மூடி, கிண்ணத்தின் முதுகில் ஈரத்துணி போடுங்கள். சிறிது நேரத்தில் கண்ணாடியின் உட்புறத்தில் பனித்துளி உறைந்ததுபோல் வெண்ணிறப் படிகங்கள் இதழ் இதழாகப் படியும். வெந்நீரை இரண்டு மூன்று முறை மாற்ற வேண்டியிருக்கும்; சன்னல்களைத் திறந்து வையுங்கள். முழுக் கற்பூரமும் இந்த முறையில் வந்துவிடாது. மிச்சம் நீரில் கரையாமல் மணலோடு தங்கி, மணல் வெயிலில் காயும்போது போய்விடும். அந்த இழப்பைக் கணக்கில் குறித்துக்கொள்ள வேண்டும்.

இந்த ஆய்வுக்கு நவச்சாரத்தையே, அதாவது அம்மோனியம் குளோரைடையே, பலர் பயன்படுத்துகிறார்கள். அது சூடாகும்போது அம்மோனியாவாகவும் ஹைட்ரஜன் குளோரைடாகவும் பிரிந்து, குளிர்ந்த இடத்தில் மீண்டும் சேர்கிறது. பார்வைக்குப் பதங்கமாதல்தான், ஆயினும் அதில் வேதிமாற்றம் நடக்கிறது. இயற்பியல் மாற்றத்துக்கு எடுத்துக்காட்டாக அதைச் சொல்வதை நான் விட்டுவிட்டேன்.

எஞ்சிய மணலும் உப்பும் எளிது, ஆனால் கவனக்குறைவும் இங்கேதான் அதிகம். 100 கிராம் நீரில் அறை வெப்பநிலையில் ஏறத்தாழ 36 கிராம் உப்பு கரையும் என்பதால் 5 கிராமுக்கு 14 மில்லி நீரே போதும். 30 மில்லி எடுத்துக்கொண்டால் தாராளம். ஒரு லிட்டர் ஊற்றிவிட்டால் அத்தனையையும் வற்றவைக்க வேண்டும் என்பதையும், கிராமுக்கு 2,260 ஜூல் என்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள். கலக்கி, தெளியவிட்டு, தெளிந்த நீரை முதலில் இறுத்து, பிறகு மணலை வடிதாளில் இடுங்கள். வடிந்தவுடன் முடிந்துவிட்டது என்று எண்ண வேண்டாம்: ஈரமணலில் ஒட்டியிருப்பது நீரன்று, உப்புக் கரைசல். ஐந்தைந்து மில்லி நீரால் இரண்டு முறை அலசி, அந்த நீரையும் வடிநீரோடு சேருங்கள். வடிநீரைப் பீங்கான் கிண்ணத்தில் காய்ச்சும்போது பாதிக்கு மேல் வற்றியதும் தணலைக் குறைத்துவிட வேண்டும். உப்பு படியத் தொடங்கினால் தெறிக்கும், கண்ணுக்கு ஆபத்து. கடைசி ஈரத்தை வெயிலுக்கு விட்டுவிடுங்கள். பாலக்காட்டுக் கணவாய் வழியே ஆடிக்காற்று வீசும் நாள்களில் கிண்ணத்தை வெளியே வைத்தால் விரைவில் உலரும், ஏனெனில் கொதிக்காமலே நடக்கும் ஆவியாதலுக்குப் பரப்பும் காற்றோட்டமும் காற்றின் வறட்சியும் போதும். தூசி விழாமல் மெல்லிய துணியால் மூடுங்கள்.

பிறகு நான்கையும் எடை போடுங்கள். உப்பு 4.7 கிராம் வந்தால் நல்ல வேலை. 5.4 கிராம் வந்ததாக ஒரு குழு ஆண்டுதோறும் மகிழ்ச்சியோடு ஓடிவரும். கொடுத்ததைவிட அதிகம் திரும்பி வராது, அந்த 0.4 கிராம் காயாத நீர்.

ஐந்தாம் படி: ஆவியைப் பிடித்துக்கொள்ளுதல்

மேலே உப்பு கிடைத்தது, நீர் காற்றோடு போயிற்று. நீரும் வேண்டுமென்றால் ஆவியைக் குளிர்வித்துச் சேகரிக்க வேண்டும். அதுவே காய்ச்சி வடித்தல். ஆய்வகத்தில் குடுவை, குளிர்விப்பான், ஏற்கும் கலம் என்று அமைக்கும்போது நான்கு இடங்களைச் சரிபாருங்கள். குடுவையில் பாதிக்கு மேல் திரவம் வேண்டாம். இரண்டு உடைந்த பீங்கான் துண்டுகள் போடுங்கள், இல்லையேல் திரவம் திடீரெனத் துள்ளிக் கொதித்து அசுத்தத்தோடு மறுபுறம் பாயும். வெப்பமானியின் குமிழ் திரவத்துக்குள் இருக்கக் கூடாது, பக்கக் குழாய் பிரியும் மட்டத்தில் இருக்க வேண்டும். நாம் அறிய விரும்புவது வெளியேறும் ஆவியின் வெப்பநிலையை. உப்புக் கரைசலில் திரவம் 104 டிகிரியில் கொதித்தாலும் வெளியேறிச் சுருங்கும் நீராவி தூய நீரின் கொதிநிலையையே காட்டும் என்பது இந்த அமைப்பில் கண்ணால் காணத்தக்க அழகான செய்தி. நான்காவது, குளிர்நீர் கீழ்ப்புறம் நுழைந்து மேற்புறம் வெளியேற வேண்டும். மேலிருந்து விட்டால் உறை முழுவதும் நிரம்பாது, ஆவி குளிராமலே தப்பிவிடும்.

கொதிநிலைகள் நெருக்கமாக உள்ள திரவங்களுக்குக் குடுவையின் மேல் ஒரு பின்னக் கலம் தேவை. கண்ணாடி மணிகள் நிரம்பிய அந்தக் குழாயில் ஆவி ஏறும்போது மீண்டும் மீண்டும் சுருங்கி மீண்டும் மீண்டும் ஆவியாகிறது. ஒவ்வொரு முறையும் எளிதில் ஆவியாகும் பொருள் சற்று மேலே செல்கிறது. கச்சா எண்ணெயைப் பெட்ரோல், மண்ணெண்ணெய், டீசல் என்று பிரிக்கும் கோபுரமும் இதே வேலையைத்தான் பெரிதாகச் செய்கிறது.

ஆறாம் படி: கரைதிறனையும் நிறத்தையும் பயன்படுத்துதல்

ஈரோட்டு மஞ்சள் தூள் அரைத் தேக்கரண்டி எடுத்து ஒரு சோதனைக்குழாயில் நீரிலும் இன்னொன்றில் சாராயத்திலும், அதாவது எத்தனாலிலும், குலுக்கி வடிகட்டுங்கள். நீர் ஏறக்குறைய வெளிறியே இருக்கும். எத்தனால் அடர்மஞ்சளாக இறங்கும். மஞ்சளின் நிறப்பொருளான குர்குமின் நீரில் கரையாது, எத்தனாலில் கரையும். கரைப்பானைச் சரியாகத் தேர்ந்தெடுப்பதே இங்கே பிரிப்பு. அந்த மஞ்சள் கரைசலைத் தாளில் ஒரு சொட்டு வைத்து அதன்மேல் சுண்ணாம்பு நீரைத் தடவினால் செந்நிறமாகும். ஆரத்தித் தட்டில் கண்ட அதே மாற்றம். அது வேதிமாற்றம், பிரிப்பு அன்று. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

நிறங்களே கலந்திருந்தால் வண்ணப்பிரிகை. வடிதாள் பட்டையின் அடியிலிருந்து 2 சென்டிமீட்டர் உயரத்தில் பென்சிலால் கோடிட்டு, கறுப்பு ஸ்கெட்ச் பேனாவால் ஒரு சிறு புள்ளி வைத்து, புள்ளி நீர்மட்டத்துக்கு மேலே இருக்கும்படி நீரில் நிறுத்துங்கள். நீர் ஏற ஏறக் கறுப்பு பிரிந்து நீலம், இளஞ்சிவப்பு, மஞ்சள் என்று தனித்தனி உயரத்தில் நிற்கும். கோட்டைப் பேனாவால் போட்டால் கோடே பிரிந்து ஓடிவிடும். 1900-களின் முதல் பத்தாண்டில் மிகயில் ஸ்வெட் என்ற ருசியத் தாவரவியலாளர் இலைகளின் நிறப்பொருள்களை இதே கொள்கையில் பிரித்தார்; இதன் வேறொரு வடிவத்தை உருவாக்கிய மார்ட்டினும் சிங்கும் 1952-இல் வேதியியல் நோபல் பரிசு பெற்றனர்.

எல்லாப் படிகளும் ஒன்றாய் நடக்கும் இடம்

வெள்ளியங்கிரி மலையில் பிறந்து கரூர் அருகே காவிரியில் கலக்கும் நொய்யல், திருப்பூர்ச் சாயக்கழிவால் பல ஆண்டுகள் பட்ட பாட்டை இங்கே உள்ளவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் கழிவுநீர் சிறிதும் வெளியேறக் கூடாது என்ற நிபந்தனை நிறைவேறாததால் சாயப்பட்டறைகளை மூட ஆணையிட்டது. அதன்பிறகு வலுப்பெற்ற சுத்திகரிப்பு முறையை நம் மூன்றாம் படியின் கேள்வியோடு பார்த்தால், வகுப்பறையில் செய்த ஒவ்வொன்றும் அங்கே பெரிய அளவில் இருப்பது தெரியும்.

பருத்தித் துணியில் சாயம் ஏற, சோடியம் குளோரைடோ கிளாபர் உப்பு எனப்படும் சோடியம் சல்பேட்டோ பெருமளவில் சேர்க்கிறார்கள். ஆகவே கழிவுநீரில் நூல்துணுக்கு, சாயம், கரைந்த உப்பு மூன்றும் உண்டு. துணுக்கு உருவளவில் வேறுபடுவதால் சல்லடையில் நிற்கிறது. சாயத்தின் பெரும்பகுதியை நுண்ணுயிரிகளும் வேதிப்பொருள்களும் கவனித்துக்கொள்கின்றன. கரைந்த உப்பு எந்த வடிதாளிலும் நிற்காது. அதற்கு எதிர்ச் சவ்வூடு பரவல், அதாவது வீடுகளில் ஆர்.ஓ. என்று நாம் சொல்லும் முறை. அழுத்தம் கொடுத்தால் நீர் சவ்வைக் கடந்துபோகிறது, உப்பு செறிந்த கரைசலாகப் பின்தங்குகிறது. இதில் நிலைமாற்றம் இல்லை, ஆகவே 2,260 ஜூல் செலவும் இல்லை. பெரும்பகுதி நீரை முதலில் இந்த வழியில் மீட்பதன் காரணம் அதுதான்.

செறிந்த கரைசலை மட்டும் காய்ச்சுகிறார்கள், அதுவும் ஒரே கொப்பரையில் அன்று. முதல் கலத்தில் எழும் நீராவியைக் கொண்டே அழுத்தம் குறைந்த இரண்டாம் கலத்தைக் கொதிக்க வைக்கலாம். அதன் ஆவி மூன்றாம் கலத்துக்கு. உதகையில் குறைந்த வெப்பநிலையில் நீர் கொதிப்பதை நினைத்துக்கொண்டால் இது விளங்கும்: அழுத்தத்தைக் குறைத்துக்கொண்டே போனால், பயன்படுத்திய ஆவியின் உள்ளுறை வெப்பமே அடுத்த கலத்துக்கு அடுப்பாகிறது. இந்த அமைப்பைக் கரும்புச் சாற்றுக்காகவே அமெரிக்காவின் லூசியானாவில் நார்பர்ட் ரில்லியே உருவாக்கி 1843-இல் காப்புரிமை பெற்றார். சர்க்கரை ஆலைக்காகப் பிறந்த முறை நொய்யற்கரையில் உப்பு நீருக்குப் பயன்படுகிறது.

கடைசியில் இரண்டு உப்புகளும் கலந்த செறிந்த கரைசல் எஞ்சுகிறது. இங்கே ஒரு கணக்கு தருகிறேன், போட்டுப் பாருங்கள். சோடியம் குளோரைடின் கரைதிறன் வெப்பநிலையோடு அதிகம் மாறுவதில்லை: 0 டிகிரியிலும் 100 கிராம் நீருக்கு ஏறத்தாழ 35.7 கிராம். சோடியம் சல்பேட்டு 40 டிகிரியில் 50 கிராமுக்குச் சற்றுக் குறைவாகக் கரையும், 0 டிகிரியில் 5 கிராமுக்கும் குறைவாகவே கரையும். 40 டிகிரியில் 100 கிராம் நீரில் 30 கிராம் சோடியம் சல்பேட்டும் 10 கிராம் உப்பும் கரைந்திருந்தால், சூடாக்கி வற்றவைப்பதா, குளிர்விப்பதா? குளிர்வித்தால் சோடியம் சல்பேட்டின் பெரும்பகுதி படிகமாகும். ஆனால் ஒவ்வொரு அலகும் பத்து நீர் மூலக்கூறுகளைத் தன்னோடு கட்டிக்கொண்டு வரும். 30 கிராமில் 25 கிராம் வந்தது என்று விடை எழுதுபவர்கள் அந்த நீரை மறந்துவிட்டார்கள். நீர் குறைய எஞ்சியதும் படிகமாகி, 27 கிராமை நெருங்கும். கட்டுண்ட 34 கிராம் நீரோடு சேர்த்துப் படிகத்தின் எடை ஏறத்தாழ 61 கிராம். மிஞ்சும் 66 கிராம் நீரில் 10 கிராம் உப்பு சற்றும் படியாமல் கரைந்தே இருக்கும். ஓர் உப்பில் உள்ள சோடியம் மற்றதன் கரைதிறனைக் குறைக்கும் என்பதால் உண்மையில் இன்னும் கொஞ்சம் கூடுதலாகவே படியும். பனிக்கட்டித் தொட்டியில் 0 டிகிரிக்குக் குளிர்வித்த குவளையைச் சாய்த்துப் பாருங்கள்: பாதிக்கு மேல் நீராக இருந்த கரைசல் கண்ணாடிச் சில்லுகள் போன்ற நீண்ட படிகங்களால் நிறைந்து, அவற்றின் இடுக்கில் மட்டும் கொஞ்சம் உப்புநீர் தேங்கி நிற்கும். அதை வடித்து, படிகங்களைக் குளிர்ந்த நீர் ஒரு மில்லி இரண்டு மில்லியால் மட்டும் அலசுங்கள். அறை வெப்பநிலை நீரால் அலசினால் பிரித்தெடுத்ததே மறுபடி கரைந்துவிடும்.